அந்தப் பெட்டியை எங்கே வைப்பது?

அருப்புக்கோட்டை,
பங்குனி 22.

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. உன் வீட்டம்மாவையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

போனில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்துக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் ஒன்று உங்க அத்தை குறுக்கே வருவாள், இல்லையென்றால் பட்டறை வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். இந்தத் தடவை முழுசாகச் சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் மகள் போட்டோ எடுத்து அனுப்புவாள். லீவு நாளில் நிதானமாக உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய மூன்று பெட்டிகளின் படமும் வந்தது. போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிரிண்ட் எடுத்துவரச் சொல்லி, பட்டறைச் சுவரில் ஒட்டி ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒயினுக்கென்றே உள்ள பெட்டியை இதுவரை ஒரே ஒரு தடவைதான் திறந்து பார்த்திருக்கிறேன், மதுரையில் ஒரு ஓட்டலில். ஆனால் உள்ளே இருப்பது அதே கம்ப்ரசர், அதே கேஸ், அதே செம்புக் குழாய். முப்பத்தைந்து வருஷமாக என் கை அதிலேயேதான் இருக்கிறது.

முதலில் உன்னோடு ஒரு சண்டை போட வேண்டும். இங்கே கட்டுகிற புது வீட்டுக்குப் பெட்டி வாங்க, அடிலெய்டில் இருந்துகொண்டு பெங்களூர்க் கடைக்காரரிடம் யோசனை கேட்டிருக்கிறாய். அவர் உனக்கு 46 பாட்டில் பிடிக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட, மேலே ஒரு சூடு கீழே ஒரு சூடு என்று இரண்டு அறை உள்ள பெட்டியைக் காட்டியிருக்கிறார். இரண்டாவது கடையில் இன்னும் பெரிசு. எல்லாம் கேட்டு முடித்து, மனசுக்குள் பாதி முடிவும் பண்ணிவிட்டுத்தான் மாமா ஞாபகம் வந்ததா? போகட்டும். "அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் மாமா" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மெஷின்.

நீ ஊரை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. வெயில் உனக்கு மறந்திருக்கும். சித்திரை வைகாசியில் மத்தியானம் என் பட்டறைக்குள்ளேயே தெர்மோமீட்டர் 41 காட்டும். பெட்டிக்குள்ளே 12, 13 டிகிரி வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். வெளியே 41, உள்ளே 13. இருபத்தெட்டு டிகிரி சூட்டை அந்தச் சின்னப் பெட்டி ராத்திரி பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ச்சியை யாரும் உண்டாக்குவதில்லை ராசா, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் எங்கள் தொழில் மொத்தமும்.

அதனால் பெட்டியின் முதுகிலோ கதவின் உள்பக்கமோ ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டைப் பார். அதில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு இடம் இருக்கும். 'என்' என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டி 16 டிகிரியிலிருந்து 32 வரை உள்ள அறைக்குச் செய்தது. 'எஸ்டி' என்றால் 38 வரை. 'டி' என்று ஒற்றை எழுத்து இருந்தால் 43 வரை தாங்கும். நீ காட்டிய மூன்றில் முதலாவது 'என்'. அதை இங்கே கொண்டுவந்தால் மாசியிலேயே திணற ஆரம்பித்து, சித்திரையில் நிற்காமல் ஓடி, இரண்டு கோடைக்குள் கம்ப்ரசர் போய்விடும். இரண்டாவது 'எஸ்டி'. ஏசி போட்ட அறையில் வைத்தால் பிழைக்கும். நமக்கு வேண்டியது 'டி'. அந்த எழுத்து இல்லாத பெட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. விலை பேசுவதற்கு முன்னால் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

மூன்றாவது பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உனக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. சத்தமே வராது, கம்ப்ரசரே கிடையாது, ஆடாது, கரண்டும் குறைச்சல் என்று போட்டிருக்கிறான். அது பெல்டியர் என்கிற வகை. 1834-ல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த விஷயம்: இரண்டு வேறு உலோகம் சேருகிற இடத்தில் மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அந்தத் தத்துவத்தில் ஒரு சின்னத் தகடு, அதன் முதுகில் ஒரு ஃபேன், அவ்வளவுதான். ஆனால் வெளியே இருக்கிற சூட்டுக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரிதான் அதனால் இறக்க முடியும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அது ராஜா. இங்கே 40-லிருந்து பதினைந்து போனால் 25. அந்தச் சூட்டில் ஒயின் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நீதான் சொன்னாய்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இன்சுலின் வைத்துக்கொள்ள அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கினார், மகன் அனுப்பிய பணத்தில். தை மாசம் வரைக்கும் நன்றாக இருந்தது. இன்சுலினுக்கு 2-லிருந்து 8 டிகிரி வேண்டும். பங்குனியில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போடுகிறார், ஏன் என்று புரியவில்லை. பெட்டியில் கோளாறா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். தெர்மோமீட்டரை உள்ளே வைத்தால் 23 டிகிரி. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, அதன் சக்தி அவ்வளவுதான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து, யார் கேட்டாலும் இந்த வகை வேண்டாம் என்றே சொல்கிறேன். உனக்கும் அதேதான்.

கம்பத்துத் திராட்சை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஆறு வயது. உங்க அப்பா, நான், நீ மூன்று பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தோம். பன்னீர்த் திராட்சை ஒரு கூடை வாங்கினார் அவர். இப்போது அதற்குப் புவிசார் குறியீடெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், 2023-ல். அன்றைக்கு ஜன்னலோரம் காற்றுப்படட்டும் என்று கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மதுரையில் பஸ் மாறும்போதே வாசனை மாறிவிட்டது. காரியாபட்டி தாண்டும்போது கூடையின் அடியிலிருந்து சாறு கசிந்து அவர் வேட்டியெல்லாம் கறை. நீ அழுதாய். "புளிச்சுப் போச்சுடா, பரவாயில்லை, அடுத்த தடவை ராத்திரி வண்டியில வருவோம்" என்றார். பனையில் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் பதநீர் விடிவதற்குள் கள்ளாகிவிடுகிற பூமி இது. இங்கே சூடு ஒரு பண்டத்தையும் சும்மா விடாது.

சரி, வீட்டில் இருக்கிற பெரிய பிரிட்ஜிலேயே வைத்துவிடலாமே என்று உங்க அத்தை கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு மாசம், இரண்டு மாசம் என்றால் வைக்கலாம். வருஷக்கணக்கு என்றால் முடியாது. பிரிட்ஜ் 4 டிகிரியில் ஓடும், அது ரொம்பக் குளிர். இன்றைக்கு வருகிற பனி உறையாத பிரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற ஜாதி. பிளாஸ்டிக் பையில் போடாத கறிவேப்பிலை நாலு நாளில் சருகாகிறது பார், அதே கதிதான் கார்க்குக்கும். கார்க்கு காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே போகும். பாட்டிலைப் படுக்க வைப்பதே கார்க்கு நனைந்துகொண்டிருக்கட்டும் என்றுதானே. போதாததற்குக் கருவாட்டுப் பொட்டலமும் மாவுச் சட்டியும் அதே பிரிட்ஜில். கதவு ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறக்கும். ஒவ்வொரு தடவையும் சூடு ஏறி இறங்கினால் ஒயின் விரிந்து சுருங்கி, கார்க்கைத் தள்ளித் தள்ளி இழுக்கும்.

உன்னிடம் இருக்கிற பாட்டில்களில் எத்தனைக்குக் கார்க்கு, எத்தனைக்குத் திருகு மூடி என்று முதலில் எண்ணு. கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் 2000-ல் ரீஸ்லிங் ஒயினைத் திருகு மூடிக்கு மாற்ற, ஆஸ்திரேலியாவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று போன பொங்கலுக்கு வந்தபோது நீதான் சொன்னாய். திருகு மூடி என்றால் ஈரப்பதம் பற்றிக் கவலை இல்லை, படுக்க வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருட்டும் ஒரே சீரான சூடும் இருந்தால் போதும். ஈரம் காட்டுகிற மீட்டர், தண்ணீர்த் தட்டு என்று அதற்கெல்லாம் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவைப்படாது.

இனி அளவு. 46 பாட்டிலுக்கு நீ எங்கே போவாய்? விமானத்தில் வரும்போது ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். நீயும் உன் வீட்டம்மாவும் சேர்ந்து நாலு. கப்பலில் சாமானோடு போடலாம் என்கிறாய். ஒயினுக்குச் சுங்கவரியே 150 சதவீதம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் வந்த பிறகு, 5 டாலருக்கு மேல் உள்ள பாட்டிலுக்கு 100, 15 டாலருக்கு மேல் 75 என்று குறைக்க ஆரம்பித்தார்கள். அதெல்லாம் இறக்குமதி வியாபாரிக்கு. வீட்டுச் சாமானோடு வருகிறவனுக்கு என்ன கணக்கு என்று சாமான் அனுப்புகிற ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. இங்கே 2003-லிருந்து சில்லறையாக விற்பது டாஸ்மாக்தான். நாசிக்கிலிருந்தோ நந்தி மலையிலிருந்தோ நீ நினைத்தபடி பெட்டி பெட்டியாக வரவழைக்க முடியாது. வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் வரம்பு உண்டு. ஊருக்கு வருவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடு, அதில் மட்டும் அசட்டையாக இருக்காதே.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு பாட்டில் பிடிக்கிற பெட்டி உனக்குத் தாராளம். எங்கே கேட்டாலும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வாங்கு, பின்னால் இடம் பத்தாது என்பார்கள். அதைக் கேட்காதே. காலிப் பெட்டி கதவைத் திறந்த உடனே சூடாகிவிடும். நிறைந்த பெட்டி நிதானமாக இருக்கும். பாட்டில் குறைவாக இருந்தால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை அடுக்கு. இரண்டு அறையும் வேண்டாம். அது பரிமாறுகிற ஓட்டலுக்கு. வெள்ளைக்கு ஒரு சூடு, சிவப்புக்கு ஒரு சூடு என்பதெல்லாம் குடிக்கும்போது பார்க்க வேண்டியது, சேமிக்கும்போது எல்லாவற்றுக்கும் 13 போதும். இரண்டு அறை என்றால் கூடுதலாக ஒரு ஃபேன், ஒரு சென்சார். நம் ஊரில் ஒரு பல்லி உள்ளே புகுந்து போர்டில் உட்கார்ந்தால் அத்தனையும் கரி.

கண்ணாடிக் கதவைப் பற்றியும் யோசி. கெட்டிக் கதவு கிடைத்தால் அதையே வாங்கு. கண்ணாடிதான் வருகிறது என்றால் இரட்டைக் கண்ணாடி, புற ஊதா தடுப்பு இரண்டும் இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் கண்ணாடி வேர்த்துக் கீழே தண்ணீர் நிற்கும், பயந்துவிடாதே.

எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு ஒரு வாரத் தூக்கம் போயிற்று. புதுச் சமையலறையில் மேடைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில் என்று பிளானில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு பக்கம் அடுப்பு, பின்னால் மேற்குச் சுவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறாயா? தோசை வார்க்கலாம். பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு சாண் இடைவெளி இல்லாமல் மேடைக்குள் திணித்தால், வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப மூச்சு இழுக்கும். முன்பக்கம் காற்று விடுகிற மாதிரிச் செய்த பெட்டியை மட்டும்தான் அப்படி உள்ளே செருகலாம். போதாததற்கு இப்போது வருகிற பெட்டிகளில் ஆர்-600ஏ கேஸ். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்து ஆர்-12 பற்றாது, ஆனால் ஓசோனைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். இது பற்றும். உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான், ஒழுங்காக இருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை. என்றாலும் அடுப்பை ஒட்டி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முன் அறையும் சரிப்படாது. நம் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டது என்று நினைக்கிறாயா? பின் சந்தில் எட்டுத் தறி ஓடுகிறது. சுவரில் மாட்டிய காலண்டர் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதிர்வு ஒயினுக்கு ஆகாது, அடியில் படிந்த வண்டல் கலங்கும் என்று சொன்னவனே நீதான். பஞ்சுத்தூசி வேறே. இந்தத் தெருவில் எந்தப் பிரிட்ஜைத் திருப்பினாலும் பின்கம்பியில் தலையணை மாதிரி பஞ்சு அப்பியிருக்கும். சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் தவிக்கும். மாசத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கிற பிரஷால் தட்டிவிட வேண்டும். அது உன் வேலை, எழுதிவைத்துக்கொள்.

திருச்சுழியில் அம்மாச்சி வீட்டு அரங்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட லீவு முழுக்க நீ அங்கேதானே கிடந்தாய். ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், நாலு பக்கமும் வேறு அறை. வெளியே குண்டாறு மணலில் கால் வைக்க முடியாத மத்தியானத்தில் அரங்குக்குள் போனால் உடம்பு சிலிர்க்கும். அங்கேதான் தானியக் குலுக்கை நின்றது. கரையான் ஏறாமல், ஈரம் தட்டாமல் இருக்க அடியில் நாலு கல். மேலே வாயை மூடி மண் பூசியிருக்கும். கீழே துணி அடைத்த ஓட்டை வழியாகத்தான் கம்பு எடுப்பார்கள். துவரைக்குச் செம்மண் கட்டி, வேப்பிலை போட்டு வைப்பார்கள். மழை பொய்த்த வருஷத்தில் அந்த அரங்கைத் திறக்கும்போது அம்மாச்சி யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். இருட்டு, ஒரே சீரான சூடு, ஆட்டம் இல்லாத இடம், அடிக்கடி திறக்காத கதவு. நீ ஒயினுக்குக் கேட்கிறதும் இந்த நாலும்தான்.

அதனால் புது வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தைப் பார்த்திருக்கிறேன். வடக்குப் பக்கம், மேலே வெயில் இல்லை, தறிக்கு எதிர்ச்சுவர். நேற்று டேப் வைத்து அளந்தேன். அகலம் 84 சென்டிமீட்டர், உள்ளே போக 71. பதினெட்டுப் பாட்டில் பெட்டி சுற்றிலும் இடைவெளியோடு தாராளமாக நிற்கும். தரைதான் கொஞ்சம் யோசனை. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். கொத்தனாரிடம் அந்த இடத்தில் மட்டும் கடப்பைக் கல் போட்டு ரசமட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டி சாய்ந்து நின்றால் கதவு ரப்பர் சரியாக ஒட்டாது.

கரண்ட் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டெபிலைசர் கட்டாயம். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிஷம் பொறுத்துத் தருகிற வகையாக வாங்கு, கம்ப்ரசர் உடனே திரும்ப எழுந்தால் திணறும். இன்வெர்ட்டரில் போடுவதானால் சைன் வேவ். மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த பெட்டி பெரும்பகுதி தாங்கும். அடிலெய்டிலிருந்து வாங்கிவரலாமா என்று கேட்டாய். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் முள்தான் சரிவாக இருக்கும், அதை நான் மாற்றிவிடுவேன். ஆனால் போர்டு போனால் உதிரிக்கு எங்கே ஓடுவது? இந்தியாவில் சர்வீஸ் உள்ள கம்பெனியாகவே பார்.

பாப்பா பிறந்த வருஷத்துப் பாட்டில் என்று ஒன்றைச் சொன்னாயே, பரோசா ஷிராஸ். 2016. அவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது 2037-ல் திறக்க வேண்டும் என்றாய். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்தப் பெட்டி மேல் ஒரு அக்கறையே வந்தது. 1840-களில் நட்ட கொடிகள் அந்தப் பக்கம் இன்னும் காய்க்கின்றன, மழை குறைந்த வறண்ட சீமை, பார்த்தால் நம் காடு மாதிரியே இருக்கும் என்று நீ சொன்னது மனசில் நிற்கிறது. ஒரு கம்ப்ரசர் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். பாட்டில் திறக்கும் முன்னால் ஒரு தடவை பெட்டி மாற்ற வேண்டிவரும். அப்போது நான் இருப்பேனா தெரியாது. மகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அந்தக் கடைசி வரி.

மருந்து வைக்கிற பிரிட்ஜ் என்று அம்மாவிடம் சொல்லிப் பொருத்திவிடுங்கள், மாமா சொன்னால் நம்புவாள் என்றாய். நம்புவாள். அதனால்தான் என்னால் முடியாது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது உங்க அப்பாவுக்குக் குடி அதிகமாகிவிட்டது. மிளகாய் வத்தல் கடையில் நஷ்டம், அதிலிருந்து. வீட்டில் பாட்டிலைப் பார்த்தால் அக்கா சாப்பிடாமல் படுத்துவிடுவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "மாப்ளே, உன் பட்டறையில வெச்சுக்கிறேன், ராத்திரி ஒரு மடக்குதான், அவ மனசு கஷ்டப்படக் கூடாது" என்றார். பட்டறையின் பின்பக்கம் கம்ப்ரசர் செத்துப்போன ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ் ஒன்று கிடந்தது. அதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நானே சாவியும் கொடுத்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். வீட்டில் சண்டை இல்லாமல் இருந்தால் சரி என்று நினைத்தேன். இரண்டு வருஷம். ஒரு மடக்கு எப்போது ஒரு பாட்டிலாயிற்று என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சித்திரை மத்தியானம் அக்கா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். நான் மாடியில் ஏதோ வேலையில் இருந்தேன். அது ஓடாது என்று தெரியாமல், மோர்ச் செம்பைக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்று அந்தப் பிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். அன்றைக்குப் பூட்டவில்லை. நான் இறங்கி வரும்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்குச்சட்டியை மேஜையில் வைத்துவிட்டு, மோரையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறு வருஷம், நீ பத்தாவது பரீட்சை எழுதி முடித்த மாசம், உங்க அப்பா போய்விட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை அக்கா என் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கறிக்குழம்பு வைத்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். கோபம் என்று ஒரு நாளும் காட்டியதில்லை, என் மகள் சடங்குக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தாள். பட்டறை வாசலில் மட்டும் நிற்கமாட்டாள், எதிர்ப்பக்கமாக நடந்து போவாள். தினமும் பார்க்கிறேன்.

நீ குடிகாரன் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் படிப்பே ஒயின், உன் பிழைப்பும் அது. மாசத்துக்கு ஒரு கிளாஸ், சாப்பாட்டோடு, நண்பர்களோடு. அக்காவுக்கும் அது புரியாமல் போகாது, அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஆனால் அவள் கண்ணுக்குப் பாட்டில் பாட்டில்தான். அதை மறைத்து வைத்து, என்றைக்காவது ஒரு நாள் மோர் வைக்கப் போய் அவளே திறந்து பார்க்கும்படி இன்னொரு தடவை நான் செய்யமாட்டேன். நீ எந்தப் பெட்டி வாங்கினாலும் நான் பொருத்துகிறேன், என் கடைசி நாள் வரைக்கும் பராமரிக்கிறேன். ஒளித்து மட்டும் வைக்கமாட்டேன்.

நீயே அவளிடம் சொல். 2016 பாட்டிலிலிருந்து ஆரம்பி. பாப்பா பிறந்த வருஷத்தில் விளைந்த பழம், அவள் பெரியவளாகும்வரை காத்து வைக்க வேண்டும் என்று சொல். குலுக்கையில் விதை காத்தவளின் மகள் அவள். வேண்டாம் என்று சொன்னால் அந்த ஒரு பாட்டிலை மட்டும் அங்கேயே நண்பன் வீட்டில் விட்டுவிட்டு வா, இந்தப் பெட்டி யோசனையையே விட்டுவிடு. உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் இருக்கும்.

சரி என்றால், பெட்டியை நேரே வீட்டில் இறக்காமல் முதலில் பட்டறைக்கு அனுப்பு. லாரியில் எப்படிப் படுக்கப்போட்டு வந்திருக்குமோ, ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து எண்ணெய் இறங்கிய பிறகுதான் பிளக் போட வேண்டும். அப்புறம் பதினெட்டுத் தண்ணீர் பாட்டிலை அடுக்கி, நடுவில் தெர்மோமீட்டர் வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன். சித்திரை மத்தியானம் இரண்டு மணிக்கு 13 காட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். காட்டாவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்வேன், கடைக்காரரிடம் அதை முன்கூட்டியே பேசிக்கொள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மல்லி கிலோ ஏறியிருக்கிறது, உங்க அத்தைக்கு அது ஒன்றுதான் பேச்சு. அக்காவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, தைலம் தேய்த்தால் தூங்குகிறாள். அவளுக்குப் போன் பண்ணும்போது அதை முதலில் கேள். பகலில் கூப்பிடாதே, வேலைக்காரர்கள் இருப்பார்கள். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஏழு மணிக்கு மேல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அவள் என்ன சொன்னாலும் எனக்குத் தகவல் சொல். வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் சுவர் வெட்ட வருகிறார், மாடிப்படிக்குக் கீழே பிளக் பாயிண்ட் வேண்டுமா வேண்டாமா என்று அதற்குள் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா.